வலது அம்பு, இடது அம்பு

நாகரிகம் எம். புதுப்பட்டிச் சாலைக்கு 2008 ஆவணியில் ஒரு குறுந்தகட்டில் வந்து சேர்ந்தது. அதற்கு முன்பும் நாங்கள் அங்கே உயிர்வாழ்ந்தோம் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது.

குறுந்தகட்டின் பெயர் லினக்ஸ். கொண்டுவந்தவர் விருதுநகரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பைசல். பெற்றுக்கொண்டவர் எங்கள் பட்டாசுத் தொழிற்சாலையின் மேனேஜர் சீனிவாசகம். உடனிருந்து பார்க்கும் பாக்கியம் பெற்றவன், ஆபீஸ் கிளார்க்காகிய நான்.

“இது இலவசம் அண்ணாச்சி. எப்படி வேணும்னாலும் மாத்திக்கிடலாம்” என்றார் பைசல்.

“எப்படி வேணும்னாலுமா?”

“ஆமாங்கேன்.”

மேனேஜர் முகத்தில் அன்று கண்ட ஒளியைத் தீபாவளி சீசனில்கூட நான் கண்டதில்லை. தொழிற்சாலையில் மாற்ற வேண்டியவை சில இருந்தன. ஏழாம் நம்பர் அறையின் கதவு உள்பக்கமாகத் திறக்கும். அதை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றச் சொல்லி மூன்று வருடமாக ஒரு கடிதம் மேசையில் கிடந்தது. மேனேஜர் முதலில் திரையின் அம்புக்குறியை மாற்றினார். அடுத்து வாஸ்துவுக்கு வந்தார்.

“குப்பைத்தொட்டி ஈசானிய மூலையில இருக்கே பைசல். கம்பெனி வெளங்குமா?”

“திரைக்கு ஈசானியம் எது அண்ணாச்சி?”

நியாயமான கேள்வி. மேசை கிழக்குப் பார்த்துத் திருப்பப்பட்டது. உடனே ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து கூசியது. ஜன்னலில் பலகை அடிக்கப்பட்டது. வேலை நடக்கும் அறைகளைப் பார்க்க ஆபீசில் இருந்த ஒரே ஜன்னல் அதுதான். அதன்பின் அறைகள் தெரியவில்லை. திரை வெகு துல்லியமாகத் தெரிந்தது.

மூன்றாம் வாரம் ‘தீ’ வந்தது. திறந்திருக்கும் கோப்பை மூடினால், அது கொழுந்துவிட்டு எரிந்து மறையும்படி பைசல் அமைத்துக் கொடுத்தார். கையெழுத்து வாங்க வந்த வாட்ச்மேன் ஊர்க்காவலன் அதைப் பார்த்துவிட்டான். வாசலில் எங்களிடமிருந்து தீப்பெட்டி, பீடி, செல்போன் அனைத்தையும் பிடுங்கி வைக்கும் கடமைவீரன் அவன்.

“அய்யா, தீயி!” என்று அலறி, வெளியே ஓடி, மணல் வாளியோடு வந்து கீபோர்டின்மேல் கவிழ்த்தான்.

“ஏலே கூறுகெட்டவனே! அது படத் தீ லே!”

“படத் தீ எதுக்கய்யா அம்புட்டுச் செவப்பா எரியுது?”

அன்றே சுற்றறிக்கை வெளியிடப்பட்டது: “கணினியின் பாதுகாப்பை முன்னிட்டு, மேனேஜரின் எழுத்துமூலமான அனுமதியின்றி மணல் வாளியை எவரும் தொடலாகாது.” அதற்கு எழுத்துரு தேர்ந்தெடுக்க இரண்டு நாள் ஆயிற்று.

ஆனால் சாதனைகளின் சிகரம் கனசதுரம்தான். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் திரை முழுவதும் ஒரு பெட்டிபோலச் சுழலும்; மூன்றாவது விசை வலது அம்பானால் வலப்பக்கம் வரும், இடது அம்பானால் இடப்பக்கம் வரும். நான்கு பக்கம், நான்கு மேசை. முதல் பக்கத்தில் அதிகாரிகளுக்கான வருகைப் பட்டியல், சட்டப்படி அறைக்கு நான்கு பேர். அதன் வலப்பக்கம் உள்ளபடியான பட்டியல், அறைக்கு ஒன்பது பேர். பின்பக்கம் ஆர்டர்கள். இடப்பக்கம் காலண்டரிலிருந்து எடுத்த மகாலட்சுமி. இரண்டு பட்டியலையும் தட்டச்சு செய்தவன் நான். ஏழாம் அறையின் ஒன்பது பேரில் மூன்றாவது பெயர் மாரிசெல்வி, என் மனைவி.

“எம் பேரு எந்தப் பக்கம் இருக்கு?” என்று கேட்டாள்.

“நெசமான பக்கத்துல.”

“அப்ப ஆபீசர் வந்தா நான் எங்கன போக?”

“வழக்கம்போல முள்ளுக்காட்டுக்குத்தான்.”

“ஒன்பது பேரு முட்டிக்கு முட்டி இடிச்சுக்கிட்டு மருந்து அடைக்கோம். கதவு வேற உள்ள தொறக்கு. நீகளாச்சும் ஆபீசர் காதுல போடக்கூடாதா?”

போடுகிறேன் என்று சொன்னேன்.

புரட்டாசியில் அதிகாரி வந்தார். ஜீப் சத்தம் கேட்டதும் அறைக்கு ஐந்து பேராக முள்ளுக்காட்டுக்கு ஓடினார்கள். அதிகாரி அறைகளைப் பார்க்கத்தான் எழுந்தார். அதற்குள் மேனேஜர் எனக்குக் கண் காட்ட, நான் கனசதுரத்தைக் கொஞ்சம் அசைத்துக் காட்டினேன். அதிகாரி உட்கார்ந்துவிட்டார்.

“அந்தாண்ட பக்கம் என்ன இருக்கு? சுத்துங்க பார்ப்போம்.”

வலது அம்பை அழுத்தினால் மாரிசெல்வி. இடது அம்பை அழுத்தினால் மகாலட்சுமி. மேனேஜர் இருமினார். நான் இடது அம்பை அழுத்தினேன். அதிகாரி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பைசலின் போன் நம்பரைக் குறித்துக்கொண்டு, ‘அனைத்தும் திருப்தி’ என்று எழுதிவிட்டுப் புறப்பட்டார்.

சாயங்காலம் மாரிசெல்வி காலை நீட்டி ஊக்கால் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

“சொன்னீகளா?”

“அவசரமாப் போயிட்டாரு. அடுத்த தடவ கட்டாயம் சொல்லுதேன்.”

“சொல்லுவீக, சொல்லுவீக. அதுக்குள்ள முள்ளுக்காட்டுலயே எனக்கு ஒரு ஆபீஸு போட்டுத் தந்துருங்க.”

பத்து நாள் கழித்து, காலை பதினொன்றேகால் மணிக்கு, ஏழாம் அறை இல்லாமல் போயிற்று. ஒன்பது பேரில் மூன்று பேர் மிஞ்சினார்கள். கதவு கடைசிவரை உள்பக்கமாகவே திறந்தது.

விசாரணைக்கு வேறோர் அதிகாரி வந்தார். முதல் பக்கத்தைப் பார்த்தார்.

“நாலு பேர்தானே போட்டிருக்கு? செத்ததே ஆறு பேராச்சே?”

“மத்தவுக சும்மா பேச வந்தவுக சார்” என்றார் மேனேஜர். “சொன்னாக் கேக்க மாட்டாக.”

நான் வலது அம்பை அழுத்தினேன். திரை சுழன்று ஒன்பது பெயர்களும் வந்து நின்றன. மூன்றாவது பெயரில் விரலை வைத்தேன். “சார், இவ எம் பொஞ்சாதி” என்றேன்.

“திரையத் தொடாதப்பா, ரேகை பதியும்” என்று சொல்லி மேனேஜர் பட்டியலை மூடினார். அது கொழுந்துவிட்டு எரிந்து மறைந்தது.

அதிகாரி முன்னால் குனிந்தார்.

“அடடா! நெசத் தீ மாதிரியே இருக்கே!”

அந்தக் கோப்பை மறுநாள் தேடினேன். வாஸ்துப்படி வைக்கப்பட்ட குப்பைத்தொட்டியிலும் இல்லை.

லினக்ஸின்மேல் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அழுத்திய அம்பின் பக்கம்தான் அது எப்போதும் சுழன்றது. விசாரணை அறிக்கையின்படி, மாரிசெல்வி சும்மா பேச வந்தவள். பேசியிருக்க வேண்டியவன் ஆபீசில் உட்கார்ந்து மகாலட்சுமியைச் சுழற்றிக் காட்டிக்கொண்டிருந்தான்.