எழுத்துக் காக்காவும் ஏழாம் நாளும்

கல்முனையிலிருந்து சாய்ந்தமருதுக் கடற்கரை வரைக்கும், இன்று நாற்பது வயதைத் தாண்டிய ஒருவருடைய பெயரும் அவருடைய வாப்பாவின் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கினால் அது தற்செயல் அல்ல. அந்தக் குற்றத்தைச் செய்தவர் ஒரே ஒரு ஆள்தான். ஊர் அவரை எழுத்துக் காக்கா என்றது; காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

சொந்தப் பெயர் எவருக்கும் தெரியாது. நான் அப்போது தபால் கந்தோரில் கடிதம் பிரிக்கிற கிளார்க். யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்பது அவரவர் பெண்சாதிக்குத் தெரியுமுன் எனக்குத் தெரிந்துவிடும். எழுத்துக் காக்காவுக்கு ஒரு தபாலட்டைகூட வந்ததில்லை. வந்திருந்தால் பெயரையாவது படித்திருப்பேன்.

அவரை எங்களுக்குக் கொண்டுவந்து சேர்த்தது சூறாவளி. எழுபத்தெட்டில் அது தென்னைகளை முறித்ததோடு நிற்கவில்லை, கடைகளின் பெயர்ப் பலகைகளையும் பிடுங்கிக்கொண்டு போனது. மருந்துக் கடையின் பலகை காரைதீவில் யாருடையவோ வேலியில் கிடந்தது. சாப்பாட்டுக் கடையின் பலகை கடலுக்கே போய்விட்டது. கூரையில்லாத வீடுகளில் சனங்கள் மழைக்கு நனைந்துகொண்டிருந்த அந்த நாட்களில், இறக்காமம் பக்கமிருந்து ஒரு தகரப் பெட்டி நிறையத் தூரிகைகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். ஊரே தலையில் கைவைத்திருந்தபோது வேலை குவிந்த ஒரே மனிதர் அவர்தான். அவருடைய இடுப்புச் சாரனில் தெறித்த மையைப் பார்த்தால் எந்தக் கடைக்கு எந்த நிறம் என்று சொல்லிவிடலாம். சிரித்து நான் பார்த்ததில்லை.

பலகை எழுதியதோடு நின்றிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் கூப்பிடுவார்கள். அதுவரை குடும்பம் முழுவதும் பெயருக்காகச் சண்டை பிடிக்கலாம். இந்த மனிதர் இரண்டாம் நாளே படியேறிவிடுவார்.

"வாப்பாட பேரென்ன?"

"மீராசாஹிபு."

"அப்ப முனாஸ். நல்லா ஒட்டும். இண்டைக்கே கூப்பிடுங்க."

"ஏழாம் நாள்தானே காக்கா கூப்பிடுற?"

"ஏழாம் நாள் வரும் எண்டு ஒங்களுக்கு ஆரு எழுதித் தந்த?"

பிள்ளை பெற்ற வீட்டில் கதைக்கிற கதையா இது? பெண்கள் எதையோ ஓதிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி உள்ளே ஓடுவார்கள். ஆண்கள் அவருடைய தகரப் பெட்டியைத் தூக்கி வெளியே வைப்பார்கள். அவர் வெளியே போய்ப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். கடைசியில் அந்த வாயை மூடுவதற்காகவே பாதிப் பேர் அவர் சொன்ன பெயரை அன்றைக்கே கூப்பிட்டுவிட்டார்கள்.

ஒரே எழுத்து எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். எங்கள் ஊர்களில் கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில்தான் போய் இருப்பான். அதை வைத்துத்தான் பதில் சொன்னார்.

"வீடு ஆருட? பொஞ்சாதிட. வளவு ஆருட? பொஞ்சாதிட. குடி, வம்சம்? அதுவும் உம்மாட வழி. ஆம்புள சாரனோட வாறான், சாரனோட போறான். புள்ளைக்கு அவன் குடுக்கிறது முன்னால நிக்கிற ஒரு எழுத்துத்தான். அது பேரோட ஒட்டி நிக்காட்டி வழியில உழுந்திரும், தம்பி."

சாய்ந்தமருதில் ஞானியார் லெவ்வை என்றொரு மீன்காரருக்கு மகன் பிறந்தான். எழுத்துக் காக்கா மூன்று பள்ளிவாசல்களில் ஏறி இறங்கினார். அரபில் அந்த எழுத்தே இல்லை என்று மூன்று மௌலவிமாரும் சொல்லிவிட்டார்கள். நாலாம் நாள் அவர் மீன்காரரிடம் போய், "புள்ளைக்குப் பேர் கிடைக்கல்ல. ஒங்கட பேர மாத்துவம்" என்றார். துடுப்போடு துரத்தியவர் கடற்கரைப் பள்ளிவாசல் வரை துரத்தினாராம்.

ஆனால் அடி விழுந்தது அவருக்கல்ல, எனக்குத்தான். நாளாக நாளாக அவரிடம் பெயர்கள் தீர்ந்துபோயின. ஒரே ஒழுங்கையில், அடுத்தடுத்த வீடுகளில், மீராசாஹிபு, மஜீது, முகைதீன் என்று மூன்று வாப்பாமார். மூவருக்கும் மகன். மூவரும் எம். முனாஸ். கிளினிக்கிலிருந்து ஊசி அட்டைகள் வந்தபோது நான் என்ன செய்வேன்? கைக்கு வந்தபடி பிரித்துவிட்டேன். ஒரு முனாஸுக்கு இரண்டு தரம் ஊசி விழுந்தது. ஒரு முனாஸ் ஊசியைக் கண்ணாலும் காணவில்லை. இரண்டு தாய்மாரும் ஒன்றாகக் கந்தோருக்கு வந்தார்கள்.

"என்ட புள்ளைக்குக் குத்தின ஊசியத் திருப்பி எடு பாப்பம்!" என்றாள் ஒருத்தி.

அன்றைக்குச் சத்தியம் பண்ணினேன். என் பெயர் ஜமால்தீன். எனக்குப் பிள்ளை பிறந்தால் எந்த எழுத்திலும் பெயர் வைப்பேன், 'ஜ'வில் மட்டும் வைக்கமாட்டேன்.

எண்பத்தொன்று மாரியில், வளவெல்லாம் வெள்ளம் நிற்கும்போது, எனக்கு மகள் பிறந்தாள். எட்டு மாதத்திலேயே பிறந்துவிட்ட பிள்ளை. கையில் எடுக்கவே பயமாக இருந்தது. மருத்துவிச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அல்லாஹ்ட காவல்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பயத்திலும் எழுத்துக் காக்காவுக்குச் சொல்ல நல்ல சூடான பதில் ஒன்றைத் தயார்பண்ணி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் ஆளைக் காணவில்லை. மூன்றாம் நாளும் இல்லை. எல்லா வீட்டுக்கும் போகிற மனிதர் என் வீட்டுக்கு வராதது, உண்மையைச் சொன்னால், எனக்கு மரியாதைக் குறைவாகவே பட்டது.

நாலாம் நாள் வந்தார். விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை.

"என்ன காக்கா, எனக்குப் பேர் ஒண்டும் கொண்டுவரல்லயா?"

"ஒண்டுதான் இரிக்கி. அத நான் தரமாட்டன்."

வேண்டாம் என்று சொல்ல வந்தவன் நான். இல்லை என்று அவர் சொன்னதும் எனக்கு அந்தப் பெயர் வேண்டும்போல் ஆகிவிட்டது.

"ஊரெல்லாம் குடுத்தீங்க. எனக்கு மட்டும் ஏன் இல்ல?"

"என்ட பேர் ஜலால்தீன்" என்றார். "ஒங்கட எழுத்துத்தான் எனக்கும். அது என்ட மகள்ட பேர்."

அவருக்கு மகள் இருந்ததே எனக்குத் தெரியாது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"வரிப்பத்தான்சேனையில என்ட பொஞ்சாதிட ஊடு. பத்து வருசத்துக்குப் பொறகு கிடைச்ச புள்ள. முதல் நாளே ஏதாவது கூப்பிடுங்க எண்டு அவள் சொன்னாள். நான் கேக்கல்ல. என்ட எழுத்துல நல்ல பேராத் தேடுறன், ஏழாம் நாள் ஊரக் கூட்டிக் கூப்பிடுவம் எண்டன். ஆறாம் நாள் பின்னேரம் அசருக்குப் பொறகுதான் பேர் கிடைச்சிச்சி. ஒரு பலகையில எழுதிக் காயவெச்சன். மை காயல்ல தம்பி. பொழுதுபட முன்ன, மஃரிபுக்குள்ள புள்ள மௌத்தாப் போயித்து."

சாரனில் காய்ந்திருந்த மையை நகத்தால் சுரண்டிக்கொண்டு தொடர்ந்தார்.

"அந்தப் பேரால அவள ஒருக்காலும் ஒருத்தரும் கூப்பிடல்ல. 'புள்ள' எண்டுதான் கூப்பிட்ட. குழிக்குள்ள வெக்கக்குள்ளயும் 'புள்ள'தான். பொஞ்சாதி என்ட மொகத்தப் பாக்கல்ல. அது அவள்ட ஊடுதானே, நான் வெளிக்கிட்டு வந்தித்தன்."

மூன்று வருடமாக நானும் ஊரும் சிரித்த சிரிப்பெல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. அந்த இரண்டாம் நாள் அவசரத்தை ஒருவராவது என்னவென்று கேட்டிருக்கலாம். நாங்கள் பெட்டியைத் தூக்கி வெளியே வைத்தோம்.

உள்ளே திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து என் மனைவி கதைத்தாள். தன் தாயின் பெயரை வைக்க வேண்டும் என்று மூன்று நாளாக என்னோடு சண்டை பிடித்தவள்.

"இஞ்சாருங்க, அந்தப் பேரத் தரச் சொல்லுங்க காக்காவ. இண்டைக்கே கூப்பிடுவம். ஏழாம் நாள் மட்டும் வெச்சிரிக்க எனக்குப் பயமா இரிக்கி."

காக்கா எழுந்தார். வெள்ளத்தில் இறங்கிப் போனார். கோபித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் பழைய சாரன் துண்டில் சுற்றிய ஒரு பலகையோடு நனைந்தபடி திரும்பி வந்தார். பச்சை எழுத்து. ஒரு ஓரத்தில் மை இழுபட்டிருந்தது, காயுமுன் யாரோ கை வைத்ததுபோல. 'ஜ. ஜெஸீமா.' எங்கள் வீட்டுக்காக அதில் ஒரு புள்ளிகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.

"நீங்களே கூப்பிடுங்க" என்று பிள்ளையை அவர் கையில் கொடுத்தேன். அவளுடைய காதில் குனிந்து கூப்பிடப் போனார். முதல் தரம் சத்தம் வரவில்லை. இரண்டாம் தரம் வந்தது. மூன்றாம் தரம் பக்கத்து வளவுக்கே கேட்டது.

ஏழாம் நாளும் வந்தது. எட்டாம் நாளும் வந்தது.

அதற்குப் பிறகு அவர் எந்த வீட்டுக்கும் பெயர் சொல்லப் போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்து எங்கள் படலை வாசலில் நின்று, "ஜெஸீமா" என்று ஒரு தரம் கூப்பிடுவார். அவள் ஓடிவந்து "ஓம்" என்பாள். அது போதும், உள்ளே வரமாட்டார். எண்பத்தாறில் காய்ச்சலில் மௌத்தானபோது, அடக்கம் செய்ய மையவாடியில் பெயர் கேட்டார்கள். ஊரில் எனக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

பலகை இன்னும் எங்கள் விறாந்தையில் தொங்குகிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, முன்னால் நிற்கிற 'ஜ' யாருடையது என்று கேட்பார்கள். வாப்பா நான்தான். ஆனாலும் உடனே "என்னுடையது" என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.