வீட்டுக்கொரு கம்ப்யூட்டர் வைத்தியர்

மனிதர்களில் பல ரகம் உண்டு. அதில் ஒரு ரகம், வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தால்தான் எழுந்து நிற்கும். உங்களுக்கும் தெரிந்தவர்தான். குழாய் ஒழுகினால் குழாய்க்காரர், பல் வலித்தால் டாக்டர் என்று ஒழுங்காகப் போகிறவர். ஆனால் கம்ப்யூட்டருக்கு வெளியாளா? உயிர் இருக்கும்வரை நடக்காது.

அன்று காலை, நடு வேலையில் அணைந்துபோன அந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டர், மறுபடி தட்டியதும் முனகிக்கொண்டே எழுந்தது, திரையில் பாதி வெளிச்சம் காட்டியது, பொட்டென்று அணைந்தது. மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. மறுநாள் பரீட்சைக்கான கேள்வித்தாள் அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. மாலைக்குள் அச்சகத்துக்கு அனுப்பியாக வேண்டும்.

நம் வைத்தியர் நாடி பார்க்கவில்லை. விசாரணையை ஆரம்பித்தார்.

"யாரு இதுல கை வெச்சது? உண்மையைச் சொல்லிடு!"

"யாரும் வைக்கலைங்க. ரிப்பேர்காரரைக் கூப்பிடட்டுமா?"

"அவன் வந்து என்ன கிழிச்சிடப் போறான்? அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?"

எதற்கு இருக்கிறார்? பிளக்கைப் பிடுங்கி, ஊதி, அதே ஓட்டையில் மறுபடி செருக, மேல்வரிசைப் பொத்தான்களை ஒன்றுவிடாமல் குத்த, எதுவும் புரியாதபோதெல்லாம் "ம்ம்... நான் நெனச்சேன்" என்று தலையாட்ட; மச்சானுக்கு போன் போட்டு யோசனை கேட்டு, "அவனுக்கு ஒரு எழவும் தெரியலை" என்று வைத்துவிட்டு, அவன் சொன்னதையே செய்து பார்க்க. ஒவ்வொரு வைத்தியத்துக்கும் பிறகு நிதானமாக ஒரு காபி. குடித்துவிட்டு வந்து தட்டினால், கம்ப்யூட்டர் முன்னைவிடச் சற்று அதிக நேரம் ஓடிவிட்டு அணையும்.

"பார்த்தியா? தேறிக்கிட்டு வருது!"

மதியமும் போயிற்று. மனைவிக்கு அழுகையே வந்துவிட்டது. "நாளைக்குப் பசங்க முன்னாடி வெறுங்கையோட போய் நிக்கணுமா?" என்று சோர்ந்துபோய்ப் பெட்டியின்மேல் கையை ஊன்றியவள், "அம்மாடி!" என்று கையை உதறினாள். பெட்டி தோசைக்கல்லாகக் கொதித்தது. அவள் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். காற்றுத் துளைகள் அத்தனையின்மேலும் பழுப்பு டேப், ஒரு சுருக்கம் இல்லாமல், அழகாக ஒட்டியிருந்தது.

"யாருங்க இதுல கை வெச்சது?"

முந்தின நாள், உள்ளே தூசி போகக்கூடாதென்று, நாக்கைத் துருத்திக்கொண்டு, அரைமணி நேரம் உட்கார்ந்து ஒட்டியது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவள் டேப்பைச் சர்ரென்று உரித்தாள், பெட்டியை ஆறவிட்டாள், பொத்தானை அழுத்தினாள். கம்ப்யூட்டர் சமர்த்தாக எழுந்தது. கேள்வித்தாள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சாயங்காலம் மச்சானுக்குப் போன். "ஒண்ணுமில்ல மச்சான், வெறும் சூடு. நான் கண்டுபிடிச்சுட்டேன்!" பக்கத்து அறையில் அவள் சிரிப்பது நன்றாகவே கேட்டது.

இவ்வளவும் உனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? தினம் காலையில் கண்ணாடியில் தெரியும் அவர் முகத்துக்குத்தான் நான் சவரம் செய்கிறேன். நீங்கள் ரொம்பச் சிரிக்க வேண்டாம். அடுத்தமுறை வீட்டில் ஏதாவது நின்றுபோய், "யாரு கை வெச்சது?" என்று உங்கள் குரல் கிளம்பும்போது, விரல் நுனியில் டேப் பசை இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.