உதிரிப் பல்செட்

“இந்தப் பையை நீங்களே அடுக்கினீங்களா?”

ஜோர்டானின் அம்மான் விமான நிலையத்துச் சோதனை மேசையில் அதிகாரி தைசீரைக் கேட்டார். பிறந்ததிலிருந்து அவன் ஒரு பையை அடுக்கியதில்லை. அம்மா அடுக்கினாள், அப்புறம் மனைவி ரீமா அடுக்கினாள். ஆனால் மச்சான் ஹிலால் மிரட்டி அனுப்பியிருந்தான்: “வேற யாரோ அடுக்கினாங்கன்னு மட்டும் உளறிடாதே. மூணு நாள் உள்ள வெச்சுடுவான்.”

மூணு நாளா! இன்று சாயங்காலத்துக்குள் தோஹாவில் போய் வேலையில் சேராவிட்டால் அந்த இடம் அடுத்தவனுக்கு.

“நானேதான் ஐயா. ஒவ்வொண்ணா அடுக்கினேன்.”

“திறந்து பாக்கணும். சம்மதம்னா இதுல கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா பயணம் கிடையாது.”

போட்டான். அடையாளத்துக்கு ரீமா கட்டும் சிவப்பு நாடாவை ஒதுக்கிவிட்டு அதிகாரி ஜிப்பை இழுத்தார். முதலில் வந்தது பூப்போட்ட நைட்டி. நாலு பேர் படுக்கக் கூடாரம் அடிக்கலாம், அவ்வளவு பெரிசு.

“இது?”

அடிப்பாவி ரீமா, இதை எதுக்குடி வெச்சே? “என்னுதுதான் ஐயா. காத்தோட்டமா இருக்கும்.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அடுத்து ஏலக்காய் இடிக்கிற பித்தளை உலக்கை.

“இது எதுக்கு?”

“யார் மண்டையிலயும் போடறதுக்கு இல்லீங்க ஐயா!”

“அப்படி நான் கேக்கவே இல்லையே?” அதிகாரி கையைத் தூக்கினார். இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள்.

கடைசியில் ஒரு தகர டப்பா. திறந்தால் பல்செட்.

“யாருது?”

“என்... என்னுது. உதிரி.”

“வாயைத் திறங்க. உங்க சம்மதத்தோடதான்.” இன்னொரு கையெழுத்து. டார்ச் அடித்துப் பார்த்தார். “முப்பத்திரண்டும் கல்லு மாதிரி இருக்கே?”

“நாளைக்கு விழுந்துட்டா?”

தோஹா விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலித்தது. தைசீர் உடைந்தே போனான். “ஐயா, தலையிலிருந்து கால்வரைக்கும் தேடிக்குங்க. எங்கெல்லாம் கையெழுத்து வேணுமோ அங்கெல்லாம் போடறேன். என்னை விட்டுடுங்க!”

திரைக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். ஷூ, பெல்ட், காலுறை எல்லாம் கழன்றன. மூன்றாவது கையெழுத்தும் ஆயிற்று. ஒன்றும் சிக்காததால், “போய்யா, போ” என்று பையைக் கையில் கொடுத்தார்கள்.

தப்பித்தோம்டா சாமி என்று அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடப் போனவனின் சட்டையை யாரோ பிடித்து இழுத்தார்கள். வரிசையில் அவனுக்கு அடுத்து நின்றிருந்த பருத்த கிழவி. பொக்கை வாய் நிறையச் சிரித்தாள்.

“நீ நல்லா இருக்கணும் மவனே! எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, கையெழுத்துன்னதும் குலை நடுங்கிப் போச்சு. எனக்காக அத்தனையும் நீயே போட்டுக் குடுத்துட்டே. என் பையைக் குடு. இதே மாதிரி சிவப்பு நாடா கட்டின உன் பை இன்னும் அந்தச் சோதனை மெஷின்லயேதான் கெடக்கு, யாருது யாருதுன்னு அங்க போலீஸ் கத்திக்கிட்டு நிக்குது!”