தூங்கவைக்கப் போனவனின் ராஜினாமா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் காப்பகத்துக் குழந்தைகளும் நலம். அங்கே நீயும் புதிதாக ஆபரேஷன் ஆன உன் முழங்காலும் நலமா? நலம் என்றால் உடனே எழுந்து வா. நாளையிலிருந்து நான் வரமாட்டேன். இதையே என் ராஜினாமாவாக வைத்துக்கொள்.

"ஆயுசு முழுக்க டிப்போவில பஸ்ஸுக்கு நேரம் குறிச்சவன், இந்தப் பொடிசுங்களுக்கு ஒரு அட்டவணை போடமாட்டியா?" என்று நீ கேட்டபோதே நான் உஷாராகி இருக்க வேண்டும். உச்சி குளிர்ந்துபோய் ஸ்கேலும் கையுமாக உட்கார்ந்துவிட்டேன். எல்லா பஸ்ஸையும் ஒரே நேரத்தில் ஷெட்டில் விடக்கூடாது என்பது டிப்போ பாடம். அதனால் மதியத் தூக்கத்தையும் ஒவ்வொரு குழந்தையாக இடைவெளி விட்டு ஆரம்பித்தேன். கடைசிக் குழந்தை கண்ணசரும் நேரத்தில் முதல் குழந்தை எழுந்து பக்கத்துப் பாய்க்காரன் மூக்கில் விரலை விட, அவன் அலற, அந்த அலறலில் மிச்சமெல்லாம் எழுந்து உட்கார, என் அட்டவணை கந்தலாகிவிட்டது. ஆயா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "ஒரு கண்டக்டரையும் போட்டிருக்கலாமே ஐயா, விசில் ஊத" என்றாள்.

இதில் அந்த வாசல்காரி வேறு. உனக்குத் தெரியுமே, சேர்ந்ததிலிருந்து பையை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கும் பெண். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். "வீட்ல பாத்துக்க ஆளில்லீங்க. இந்த வாரமும் இது பழகலைன்னா நான் வேலையை விட்டுட வேண்டியதுதான்" என்று காலையில் கண் கலங்கினாள். எனக்கு மனசே சரியில்லை.

இன்று எல்லாரையும் ஒன்றாகப் படுக்கவைத்து, நீலத் திரையை இழுத்துவிட்டேன். அறை தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் ஆயிற்று. ஃபேன் சத்தமும் சின்னச் சின்ன மூச்சும்தான். வாசல்காரி மட்டும் அசையவில்லை. "வா கண்ணு" என்று ஒரு காலிப் பாயில் சாய்ந்து தலையணையைத் தட்டினேன். தட்டத் தட்ட அது யார் கை என்றே தெரியாமல் போய்விட்டது. பஸ்ஸெல்லாம் ஹாரன் அடிக்காமல் ஒவ்வொன்றாக ஷெட்டுக்குள் வந்தது. ஒவ்வொரு பஸ் ஜன்னலிலும் ஒரு குட்டிப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது. யாரும் என்னிடம் மணி கேட்கவில்லை. ரிட்டையர் ஆனதிலிருந்து நான் அப்படித் தூங்கினதே இல்லை அக்கா, சத்தியமா சொல்றேன்.

கண் விழித்தால் வாசல்காரி என் பக்கத்தில். பையைக் கழற்றி எனக்குத் தலைமாட்டில் வைத்துவிட்டு என் தொப்பையைத் தட்டித் தட்டி அப்படியே தூங்கியிருக்கிறாள். "அசையாதீங்க ஐயா, உங்களைத் தூங்கவைக்கத்தான் அது வாசலை விட்டே வந்துச்சு" என்று கிசுகிசுத்துவிட்டு, ஆயா மற்ற பிள்ளைகளை விளையாடக் கூட்டிப்போனாள். தொப்பை மேல் இன்னும் அந்தக் கை இருக்கிறது. படுத்தபடிதான் இதை எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நேரம் பார்க்க வந்தவன் வேலையில் தூங்கினால் டிப்போவில் மெமோ கொடுப்பார்கள். அந்த மரியாதைக்கேடு வருவதற்குள் நானே விலகிக்கொள்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொண்டு நீ நூறாண்டு நடக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி

பின்குறிப்பு: நர்ஸம்மா வந்தாள். "தூங்குதா? இங்கயா?" என்று நம்பாமல் பார்த்தாள். "அப்ப நாளைக்கும் வேலைக்குப் போவேன்" என்று சொல்லி, ஒரு நிமிஷம் மகள் பக்கத்தில் சாய்ந்தவள்தான், அவளும் தூங்கிவிட்டாள். எழுப்ப மனசு வரலை. ராஜினாமாவைக் கிழித்துப் போடு, நீ மெதுவாவே நடந்து வா. பெரிய ஆள் அளவுக்குப் பாய் ஏதாவது வைத்திருக்கிறாயா? நாளைக்கு இரண்டு வேண்டும்.