நான் எழும்பிய நாடகம்

என் வீட்டில் ஆண் நான்தான் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தீர்மானித்தேன். மனைவி இராசமலர் அந்த நேரம் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தபடியால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தீர்மானத்துக்குக் காரணம் குணேஸ்வரன். என் மனைவியின் அக்கா கமலாதேவியின் மூத்த பிள்ளை. உப்புவெளியில் எல்லாரையும் போலக் காற்சட்டையோடு சைக்கிள் ஓடித் திரிந்தவன், ஒருநாள் தகப்பனுக்கு முன்னால் போய் நின்று, தான் மகன் இல்லை, மகள் என்று சொல்லிவிட்டானாம். பெயரையும் குணேஸ்வரி என்று மாற்றிக்கொண்டானாம். தகப்பன் பிள்ளையின் பெட்டியைத் தூக்கிப் படலைக்கு வெளியே வைத்துவிட்டார்.

இலங்கை கிரிக்கெட்டில் உலகக் கிண்ணம் வென்ற வருடம் அது. நாடே ரன்னை எண்ணிக்கொண்டிருந்த நேரத்தில், குணேஸ்வரன் மட்டும் பெயரில் இருந்த 'ரனை' விட்டுவிட்டு 'ரி'யோடு அவுட் ஆகி வந்திருக்கிறான் என்று வாசிகசாலையில் ஒரு பகிடி விட்டேன். நல்ல சிரிப்பு. அதே பகிடியை வீட்டிலும் விட்டேன். தேங்காய் துருவும் சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியது.

பிள்ளை இப்போது திருகோணமலை டவுனில் ஒரு தையல்கடையில் வேலை செய்தது. இரவில் மெஷினுக்குப் பக்கத்திலேயே படுக்கை. ஆமிக்காரரின் சுற்றிவளைப்பு வந்தால் கடையில் தனியே படுக்கிறவர்களைத்தான் முதலில் லொறியில் ஏற்றுவார்கள். ஆர் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால் கைகாட்ட ஒரு வீடு வேண்டும். அதனால் எங்கள் முன்னறையை ஒதுக்கிக் கொடுப்போம் என்றாள் இராசமலர்.

முன்னறையில் என் சாய்மனைக் கதிரையும் என் றேடியோவும் இருந்தன. பகல் முழுவதும் துறைமுகக் கந்தோரில் எல்லாருக்கும் 'ஓம் சேர்' சொல்லிவிட்டு வருகிற ஒரு கிளாக்கர், 'ஏலாது' என்று சொல்லிப் பழகுகிற ஒரே இடம் அது.

"ஏலாது," என்றேன்.

"ஏன் ஏலாது?"

"வந்திருக்கிறது ஆரெண்டு ஊர் கேக்கும். என்னெண்டு சொல்லுறது? பெறாமகன் எண்டோ, பெறாமகள் எண்டோ?"

"பெறேல்லை எண்டு ஊருக்குத் தெரியும்தானே. பேந்து மகனெண்டால் என்ன, மகளெண்டால் என்ன?"

மனைவியின் அக்கா பிள்ளையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். நாங்கள் பெறாத எங்கள் மகன், எங்கள் மகள். எங்களுக்குப் பெற்ற பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ, இந்தச் சொல்லை இராசமலர் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சொல்வாள். அன்றைக்கு நான் அதைக் கவனிக்கவில்லை. ஆண் அல்லவா.

"பெத்தவரே ஏற்கேல்லை, பெறாத நான் ஏற்கிறதோ?" என்றேன். "இஞ்சாரும், என்ர வீட்டில ஒண்டில் ஆம்பிளை இருக்கவேணும், ஒண்டில் பொம்பிளை இருக்கவேணும். நடுவில நிக்கிறதுக்கு இஞ்ச இடமில்லை."

வசனம் எனக்கே பிடித்துப்போனது. கதிரைக் கையில் ஒரு தட்டும் தட்டினேன். இராசமலர் நான் சொன்னதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். வாயடைத்துப்போனாள் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமையே அவள் அந்தத் தையல்கடைக்குத் தையல் பழகப் போகத் தொடங்கினாள். தமிழில் தையல் என்றால் பெண் என்றும் பொருள். தையல் தையலுக்குப் போகிறது என்றேன். சிரிக்காமல் குடையை எடுத்துக்கொண்டு போனாள். எத்தனையோ நாள் போயும் ஒரு தலையணை உறைகூட வீட்டுக்கு வரவில்லை. மாறாக என் வெள்ளைச் சட்டை ஒன்று வீட்டைவிட்டுப் போனது. கேட்டதற்கு, அளவுக்காம்.

அதோடு அவள் என்னைப் பார்க்கவும் தொடங்கினாள். நான் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்பும்போது எந்தக் கையை முதலில் ஊன்றுகிறேன், கோபம் வந்தால் சாரத்தை எந்தப் பக்கம் இழுத்துச் செருகுகிறேன், இதையெல்லாம் குசினிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். கலியாணம் முடித்த புதிதில்கூட இப்படிப் பார்த்ததில்லை. பழைய அன்பு திரும்பிவிட்டது என்று நினைத்து, தேவையில்லாமலும் நாலைந்து தரம் எழும்பிக் காட்டினேன்.

அந்த நாட்களில்தான் வாசிகசாலைத் தலைவர் சோமசேகரம் மாஸ்டர் அவசரமாகக் கூட்டம் வைத்தார். நகரமண்டபத்தில் ஒரு புது நாடகம் வருகிறதாம். 'எந்த வரிசை' என்று பெயராம். மகனாகப் பிறந்த ஒரு பிள்ளை தன்னை மகள் என்று சொல்வதும், அந்த வீடு அதை என்ன செய்தது என்பதும்தான் கதையாம். ஸுஹைர் என்ற இளம் வாத்தியார் எழுதிப் பழக்குகிறாராம். அந்தப் பிள்ளையாக நடிப்பது குணேஸ்வரனேதானாம். ஊர் இருக்கிற இருப்பில் மேடையில் ஏற்றுவதற்கு வேறு கவலை கிடைக்கவில்லையா என்று மாஸ்டர் மேசையைப் பார்த்துக் கேட்டார்.

தடுத்தால் நாடகத்துக்குத்தான் பெயர் வரும். அதனால் போய் இருந்து பார்த்து, நடுவில் எழும்பி வெளிநடப்புச் செய்வது என்று முடிவானது. ஒருவர் எழும்ப எல்லாரும் எழும்ப வேண்டும். பிறகு நிலாவெளிப் பள்ளிக்கூடத்திலும் அதைப் போட ஒருவரும் கூப்பிடமாட்டார்கள். முதலில் எழும்புகிறவர் ஆர் என்ற கேள்வி வந்தபோது எல்லாரும் செயலாளரைப் பார்த்தார்கள். செயலாளர் நான்தான். சொந்தக்காரனே எழும்பினால்தான் அதற்கொரு பெறுமதி என்றார் மாஸ்டர்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். இராசமலர் சண்டைக்கு வருவாள் என்று ஆயத்தமாக நின்றேன்.

"போங்கோ," என்றாள். "வடிவாய்ப் பாத்துப்போட்டு எழும்புங்கோ. அரைகுறையாய்ப் பாத்துப்போட்டு எழும்பினால் ஆக்கள் சிரிப்பினம்."

நாடகம் பின்னேரத்தில். இருட்டுமுன் எல்லாரும் ஆமியின் சோதனைச் சென்றியைத் தாண்டி வீடு சேர வேண்டும். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் காதல், கலை இரண்டும் வெயிலில்தான் நடந்தன. இராசமலர் சமைத்து மூடி வைத்துவிட்டு வழக்கம்போலத் தையலுக்குப் போய்விட்டாள். புறப்படுகிற நேரம் பார்த்தால் என் கண்ணாடியைக் காணவில்லை. அலுமாரிக்கு மேலே பார்த்தேன். றேடியோவுக்குப் பின்னால் பார்த்தேன். அரிசிப் பானைக்குள்ளும் கைவிட்டுப் பார்த்தேன். கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தேடுவது லேசில்லை. எழும்புவதற்குக் கண் எதற்கு, கால் போதும் என்று நடந்தேன்.

மண்டபம் நிறைந்திருந்தது. நானும் மாஸ்டரும் இரண்டாவது வரிசையில் இருந்தோம். வாசிகசாலை ஆட்கள் எனக்குப் பின்னால் இரண்டு வரிசையில், என் தலையையே பார்த்தபடி இருந்தார்கள். மேடை எனக்கு மழைக்குள் நிற்கிற பஸ் மாதிரித் தெரிந்தது.

திரை விலகியது. ஒரு சாய்மனைக் கதிரை. அதில் தகப்பன் வேடம். வெள்ளைச் சட்டை, சாரம், மீசை, கண்ணாடி. குரல் கரகரப்பு. பிள்ளை போய் முன்னால் நின்று விஷயத்தைச் சொன்னதும் அவர் கதிரைக் கையில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ர வீட்டில ஒண்டில் ஆம்பிளை இருக்கவேணும், ஒண்டில் பொம்பிளை இருக்கவேணும்."

எனக்குப் புல்லரித்தது. நான் நினைப்பதை அப்படியே எழுதுவதற்கு இந்தத் திருகோணமலையில் ஒரு ஆள் இருந்திருக்கிறான். பலமாகக் கைதட்டினேன். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு வந்தது.

"எங்கட வீட்டில கிடக்கிறதும் இதுதான்," என்றது அங்கே ஒரு பெண் குரல்.

"உங்கட மனிசன் எழும்பவாவது எழும்புறார்," என்றது இன்னொன்று.

தகப்பன் சாரத்தை இடப்பக்கமாக இழுத்துச் செருகிக்கொண்டு குறுக்கும் மறுக்கும் நடந்தார். மாஸ்டர் என் காதுக்குக் கிட்ட வந்தார்.

"ஐசே, அந்த மனிசனை எங்கையோ கண்டமாதிரிக் கிடக்கு."

"நல்ல குடும்பத்து ஆளாயிருக்கவேணும் மாஸ்டர்," என்றேன்.

பிள்ளை முதன்முதலாகப் பெண்ணுடுப்பில் வந்தபோது கடைசி வரிசையில் இளந்தாரிகள் விசிலடித்தார்கள். ஒருவன் பாட்டும் எடுத்தான். தகப்பன் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு, விசில் வந்த பக்கத்தைச் சும்மா பார்த்தார். விசில் பாதியில் நின்றது. நான்கூட ஏனோ நிமிர்ந்து இருந்தேன். அந்தப் பார்வையை நானும் எங்கேயோ வாங்கியிருக்கிறேன். எங்கே என்றுதான் நினைவு வரவில்லை.

எழும்ப வேண்டும் என்ற நினைப்பு இடையிடையே வந்தது. தகப்பன் இன்னொரு நல்ல வசனம் சொல்லட்டும் என்று பொறுத்திருந்தேன்.

பிறகு சென்றி வந்தது. மேடையில் இரண்டு வரிசை. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பிள்ளை ஆண் வரிசைக்குப் போனது, சிரித்துத் தள்ளினார்கள். பெண் வரிசைக்குப் போனது, ஒதுங்கினார்கள். அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றது. மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு பெண்கள் பக்கம் சிரிப்பு நின்றது. கொஞ்சம் பொறுத்து எங்கள் பக்கமும் நின்றது. அந்த வரிசைகளில் நிற்காத ஆள் அந்த மண்டபத்தில் இல்லை. அட்டையைக் கொடுத்துவிட்டு, அது திரும்பி வரும்வரை காவலரின் விரலையே பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். எங்களுக்கு நிற்கவாவது ஒரு வரிசை இருந்தது.

காவலுக்கு நின்றவர், இது மகனா மகளா என்று கேட்டார். தகப்பன் மேடையின் மற்ற மூலையில் கதிரையில் இருந்தார். இடக்கையை ஊன்றி மெதுவாக எழும்பினார். நடந்துபோய்ப் பிள்ளைக்குப் பக்கத்தில் நின்றார்.

"என்ர பிள்ளை," என்றார்.

மகனா மகளா என்று மறுபடியும் கேட்டார் காவலர்.

"பிள்ளை. அது எந்த வரிசையில நிக்குதோ, அதிலதான் நானும் நிப்பன்."

தகப்பன் அழுகிறாரா இல்லையா என்று எனக்குப் பார்த்தே ஆகவேண்டும். கண்ணாடியும் இல்லை. முன்னால் விருந்தினர் வரிசையில் ஒரு அம்மாவின் பெரிய கொண்டை. எழும்பினேன்.

எழும்பியபிறகுதான் நினைவு வந்தது. பின்னால் வாசிகசாலை முழுவதும் தடதடவென்று எழும்பியது.

"நடவும் ஐசே," என்றார் மாஸ்டர்.

"மறைக்காதேங்கோ மாஸ்டர்," என்று சொல்லிவிட்டுக் கைதட்டினேன்.

என்னைப் பார்த்துச் செய்யவேண்டும் என்று பழக்கப்பட்டவர்கள். அவர்களும் தட்டினார்கள். ஆண்கள் எழும்பி நின்று தட்டுவதைக் கண்ட பெண்கள் எழும்பினார்கள். விசிலடித்த இளந்தாரிகளும் எழும்பினார்கள். கடைசியாக மாஸ்டர், தான் மட்டும் சும்மா நிற்பது சரியில்லை என்று இரண்டு விரலால் தட்டினார்.

ஸுஹைர் மேடைக்கு ஓடி வந்தார். முதலில் எழும்பி மரியாதை செய்த வாசிகசாலைச் செயலாளர் யோகலிங்கம் அவர்களை மேடைக்கு அழைத்தார். கையில் மாலையைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். மைக் என்றால் எனக்கு ஒரு பலவீனம்.

"இப்பிடி ஒரு தகப்பன் எங்கட ஊருக்கு வேணும்," என்றேன். "நான் எண்டாலும் இதைத்தான் செய்வன். என்ர வீட்டு முன்னறை இப்பிடி ஒரு பிள்ளைக்கு எப்பவும் திறந்திருக்கும்."

முன்னறை என்று ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. தகப்பனின் கழுத்தில் மாலையைப் போட்டேன். அவர் குனிந்து மாலையை வாங்கி, தன் கண்ணாடியைக் கழற்றி என் மூக்கில் மாட்டிவிட்டார்.

கண்ணாடி எனக்கு அளவாக இருந்தது. சட்டையையும் அடையாளம் தெரிந்தது. மீசைக்கு மேலே, மூக்கில், மூக்குத்தி கழற்றிய சின்னத் துளை.

"சரி, சபையில சொல்லிப்போட்டியள்," என்றது மீசை, என் மனைவியின் குரலில். "பிள்ளை பெட்டியோடதான் வந்திருக்கு. இருட்ட முதல் போவம்."

குணேஸ்வரி பக்கத்தில் நின்றது. கண் மை கரைந்து கன்னத்தில் ஓடியிருந்தது. "சித்தப்பா, உங்களுக்கு இடைஞ்சலோ?" என்று கேட்டது. முன்னால் ஊரே நின்று தட்டிக்கொண்டிருக்கும்போது அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? பெட்டியை நான்தான் தூக்கினேன். வழியில் சென்றியில், கூட வருவது ஆர் என்று கேட்டார்கள். வாய் தானாகவே, "என்ர பிள்ளை," என்றது. நாடகத்தின் பாதிப்பு.

இப்போது முன்னறையில் தையல் மெஷின் ஓடுகிறது. சாய்மனைக் கதிரை குசினிக்குப் பக்கத்தில், புகைக்குள். ஊர் என்ன கேட்டது என்று கேட்கிறீர்களா? பெறாமகள் சட்டை தைத்துத் தருமோ என்று கேட்டது. வாசிகசாலைக் கூட்டங்களில் இப்போது நான் கதிரையிலிருந்து அசைந்தாலே மாஸ்டர், "இரும் ஐசே" என்கிறார்.

நிலாவெளியிலிருந்து அழைப்பு வந்தது. அந்தக் கிழமை பார்த்து இராசமலருக்குத் தொண்டை கட்டிவிட்டது. போன மானத்தை மீட்க நல்ல சந்தர்ப்பம். தகப்பன் வேடத்தை நானே செய்கிறேன் என்று ஸுஹைரிடம் சொன்னேன். வசனம் என்னுடையது. கண்ணாடி என்னுடையது. கதிரை என்னுடையது. மீசைகூட ஒட்டத் தேவையில்லை. குணேஸ்வரியை முன்னால் நிறுத்தி, ஒருமுறை முழுவதும் நடித்துக் காட்டினேன்.

ஸுஹைர் நாடகப் பிரதியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பிறகு, அக்காவுக்குத் தொண்டை சரியாகும்வரை நாடகத்தைத் தள்ளிவைப்போம் என்றார்.

"குறை நினைக்காதீங்க அண்ணன்," என்றார். "அக்கா செய்யக்குள்ளதான் ஒரு ஆம்பிள மாதிரி இரிக்கி."