அறுநூறு பேருக்கு ஒரு நாற்காலி

ஒரே வாக்கியத்தைப் பத்தொன்பது ஆண்டுகள் எழுதி ஒரு மனிதர் குடும்பம் நடத்த முடியுமா என்றால், முடியும். பதில்காரர் நடத்தினார். தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற ஒரு நிறுவனத்தில் அவருக்கு வேலை. கருவி ஒழுகுகிறது, கருவி உறுமுகிறது, கருவிக்குள் போகும் தண்ணீரைவிட வெளியே வரும் தண்ணீர் மோசமாக இருக்கிறது என்றெல்லாம் எழுதுகிறவர்களுக்கு அவர் பதில் எழுத வேண்டும். "தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் வருத்தத்தில் நாங்களும் பங்குகொள்கிறோம்." இது இரண்டு வாக்கியம் ஆயிற்றே என்று விரல் விட்டு எண்ணுகிறவர்களுக்கு ஒரு விளக்கம்: முதல் வாக்கியம் தாளிலேயே அச்சாகி வந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை அந்த வேலையை ஓர் இயந்திரம் எடுத்துக்கொண்டது. அவரை யாரும் நீக்கவில்லை. நீக்கம் என்று சொல்வது அநாகரிகம் என்று நிறுவனங்கள் எல்லாம் எப்போதோ முடிவு செய்துவிட்டன. அவர் 'அடுத்த கட்ட வளர்ச்சிக்காக விடுவிக்கப்பட்டார்'. ஐம்பத்திரண்டு வயதில் இனி வளர உத்தேசமில்லை என்று அவர் நிறுவனத்துக்கு விளக்கமாக ஒரு கடிதம் எழுதினார். மறுநாளே பதில் வந்துவிட்டது. கடிதம் கிடைத்ததாம், வருத்தத்தில் அவர்களும் பங்குகொள்கிறார்களாம். குறை சொல்ல முடியாத நடை என்று அவருக்கே தோன்றியது.

வேலை போனவர் வேறு வேலை தேடிக்கொள்வது பழைய காலத்து வழக்கம். இப்போது அதற்கு அலுவலகம் இருக்கிறது: இரண்டாம் பணி மனநிறைவு அலுவலகம். முதல் வேலை போனவர்கள் அவசரத்தில் பிடிக்காத வேலையில் சேர்ந்து, அதையும் இழந்து, மூன்றாவது முறையும் வந்து நிற்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கண்டுபிடித்திருந்தது. ஆகவே மனநிறைவுச் சான்றிதழ் இல்லாமல் எவரும் இரண்டாம் தொழில் தொடங்கக் கூடாது. கடை திறந்தால் பூட்டிவிடுவார்கள். விண்ணப்பத்தின் நான்காம் கேள்வி, 'இத்தொழிலைச் செய்யும்போது உங்களுக்கு நேரம் போவது தெரியாமல் போகிறதா?' என்று கேட்டது. இல்லை என்றால் சான்றிதழ் கிடையாது. ஆம் என்றால் ஐந்தாம் கேள்வி: 'சான்றிதழ் இல்லாமல் இத்தொழிலை எத்தனை நாளாகச் செய்து வருகிறீர்கள்?' அதற்குத் தண்டனை உண்டு.

பதில்காரருக்கு நான்காம் கேள்வியிலேயே பேனா நின்றுவிட்டது. எதைச் செய்தால் தனக்கு நேரம் போவது தெரியாது என்று அவர் யோசித்ததே இல்லை. பத்தொன்பது ஆண்டுகளும் ஒவ்வொரு மணியும் போவது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

காத்திருக்கும் கூடத்தில் இருபத்து நான்கு மர நாற்காலிகள். அவற்றில் பதினொன்று உடைந்தவை. சுவரில் ஒரு பெரிய பலகை: 'இழந்தது வேலையை, கண்டது உன்னை'. அதற்குக் கீழேயிருந்த நாற்காலியில்தான் அவருக்கு முதல் நாள் இடம் கிடைத்தது. உட்கார்ந்தவுடன் தன்னைக் கண்டார், தரையில்.

இரண்டாம் நாள் ஆடுகிற காலுக்கு விண்ணப்பத்தின் மறுபிரதியை மடித்து அண்டை கொடுத்தார். மூன்றாம் நாள் சாப்பாட்டுப் பைக்குள் ஒரு திருப்புளியும் ஒரு குப்பி மரப்பசையும் வந்தன. காலைப் பிடுங்கி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை தடவிப் பொருத்தி, கிழிந்த சைக்கிள் டியூபால் இறுகச் சுற்றிவைத்தார். மறுநாள் டியூபை அவிழ்த்தபோது அந்த நாற்காலி தன் நான்கு காலிலும் நின்றது. ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை. இன்னொரு முறை ஆட்டிப் பார்த்தார், இந்த முறை தேவைக்காக அல்ல.

அவர் முறை வரப் பதினேழு நாள் ஆயிற்று. அதற்குள் பத்து நாற்காலிகள் முடிந்திருந்தன. எண்ணைக் கூப்பிட்டபோது அவர் கடைசி நாற்காலிக்கு அடியில் படுத்திருந்தார். மூன்று தடவை கூப்பிட்டதாகப் பக்கத்திலிருந்தவர்கள் பிறகு சொன்னார்கள்.

ஆலோசகர் அம்மாள் அன்பானவர். பேச்சின் நடுவில் அடிக்கடி கையை நெஞ்சில் வைத்துக்கொள்வார். ஒவ்வொருவருக்குள்ளும் ஓர் உள்ளக்கனல் எரிகிறது என்றும், கண்ணை மூடினால் அது தெரியும் என்றும் அவர் பயிற்சி பெற்றிருந்தார். பதில்காரர் கண்ணை மூடினார்.

"இப்ப என்ன தெரியுது, சொல்லுங்க."

"நீங்க உக்காந்திருக்கிற நாற்காலியில இடது பின்கால் லூசா இருக்கு மேடம்."

"கண்ண மூடிட்டுத்தானே இருக்கீங்க?"

"காது திறந்திருக்குதே மேடம்."

அம்மாள் ஒரு கணம் அசையாமல் இருந்தார். பிறகு மெதுவாக ஆடிப் பார்த்தார். நாற்காலி சொன்னது. ஏழு ஆண்டுப் பணியில் முதல்முறையாக ஒருவருடைய உள்ளக்கனலை நேரில் பார்த்த மகிழ்ச்சியில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. 'உள்ளக்கனல்: நாற்காலி' என்று கோப்பில் எழுதி, தலைவரின் கையெழுத்துக்கு அனுப்பினார்.

வீட்டில் அன்று விசேஷமான அமைதி. பதில்காரரின் மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவர். வலியோடு வருகிறவர்களைப் பார்த்துப் பழகியதால் வீணாகப் பேசமாட்டார். கீழ்த்தளத்தில் தெருவைப் பார்த்த சின்ன அறையிலிருந்து பழைய பெட்டிகளை அவரே வெளியேற்றி, கூட்டி, சுவரில் கருவி மாட்ட ஆணி அடித்து வைத்திருந்தார். கையெழுத்து வந்த மறுநாள் கடை. கணவர் அன்று சாப்பிடும்போது எதையும் வெறித்துப் பார்க்கவில்லை என்பதை அவர் கவனித்தார்.

இந்த இடத்தில் புள்ளிவிவர எழுத்தர் வருகிறார்.

அலுவலகத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ண முன்பு வாசலில் ஓர் ஆள் இருந்தார். சிக்கனம் கருதி அவரும் வளர்ச்சிக்காக விடுவிக்கப்பட்டார். அதன்பின் ஒரு வல்லுநர் வந்து ஆறு மாதம் ஆராய்ந்து, ஒரு நாற்காலி உடைவதற்குச் சராசரியாக அறுநூறு பேர் அதில் உட்கார வேண்டும் என்று நிறுவினார். அன்றிலிருந்து எழுத்தர் மாதக் கடைசியில் உடைந்த நாற்காலிகளை எண்ணி, முந்தின மாத எண்ணிக்கையைக் கழித்து, மிச்சத்தை அறுநூறால் பெருக்கி, வந்தவர் தொகை இவ்வளவு என்று தலைமையகத்துக்கு எழுதிவிடுவார். ஆளை எண்ணுவதில் பிழை வரலாம், ஆள் நடமாடுவார். நாற்காலி அப்படியல்ல.

அந்த மாதம் எழுத்தர் எண்ணினார். ஒவ்வொரு நாற்காலியையும் கவிழ்த்துப் பார்த்தார், உட்கார்ந்து பார்த்தார், உட்கார்ந்திருந்தவர்களை எழுப்பிவிட்டும் பார்த்தார். உடைந்தவை: பூஜ்யம். போன மாதம்: பதினொன்று. நேர்மையான மனிதர், கணக்கு எங்கே கூட்டிப்போயிற்றோ அங்கே போனார். இம்மாதம் அலுவலகத்துக்கு வந்தோர், கழித்தல் ஆறாயிரத்து அறுநூறு பேர்.

தலைமையகத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. ஒருவர் வராமல் இருப்பது புரிகிறது. ஆறாயிரத்து அறுநூறு பேர் ஏற்கெனவே வந்ததும் வராததாக ஆவது எப்படி? ஒரே விளக்கம்தான் இருக்க முடியும்: அவர்கள் எல்லோரும் பழைய வேலைக்கே திரும்பிப் போய்விட்டார்கள். பாராட்டுக் கடிதம் வந்தது. வேலையின்மையை வேரோடு களைந்த முதல் அலுவலகம் என்றது. இறுதிப் பத்தியில், இனி தேவையில்லாத இவ்வலுவலகம் மாதக் கடைசியில் மூடப்படும் என்றும், ஊழியர் அனைவரும் அடுத்த கட்ட வளர்ச்சிக்காக விடுவிக்கப்படுவர் என்றும் இருந்தது.

அலுவலகத் தலைவர் அந்தக் கடிதத்தை நான்கு தடவை படித்துவிட்டுப் பதில்காரரைக் கூப்பிட்டு அனுப்பினார். மேசையில் சான்றிதழ் தயாராக இருந்தது. முத்திரை விழுந்திருந்தது. தொழில் எழுத வேண்டிய கட்டமும் கையெழுத்து இடமும் மட்டும் காலி.

தலைவர் கோபப்படவில்லை. எதிரில் இருப்பவருடைய நல்லெண்ணத்தில் தமக்குச் சந்தேகமே இல்லை என்று தொடங்கி, இருபது வருஷத்தில் இந்தக் கூடத்தில் இப்படி ஓர் அசம்பாவிதம் நடந்ததில்லை என்று முடித்தார்.

"வெளியில இப்ப யாருமே இல்ல, தெரியுமா?"

"நூறு பேர் இருக்காங்களே சார். நின்னுட்டுக்கூட இருக்காங்க."

"இருக்காங்க. ஆனா வரல."

பதில்காரர் ஆமோதித்தார். பத்தொன்பது ஆண்டு அலுவலகத்தில் இருந்தவருக்கு இது புரியாத பாஷை இல்லை. தலைவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அலுவலகம் மூடினால் அந்த நூறு பேருக்கும் சான்றிதழ் கிடையாது. யாரும் எங்கும் வேலை தொடங்க முடியாது. பதில்காரருக்கும்தான். தலைமையகத்துக்குத் திருத்த அறிக்கை அனுப்ப நாளை சாயங்காலம் வரை அவகாசம் இருக்கிறது.

"நீங்க சரி பண்ணினத எல்லாம், கூட இன்னொன்னையும், கொஞ்சம் திருத்திக் குடுத்தீங்கன்னா போதும். முறைப்படி எழுத்துலயே உத்தரவு தர்றேன்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார்.

"பத்தொன்பது வருஷமா நீங்க எழுதினத நான் யார்கிட்டயும் சொல்லிக்கிட்டதில்லைங்க," என்றார் மனைவி. "இந்தப் பதினோரு நாற்காலிய டாக்டர்கிட்ட சொன்னேன். பல்லு பிடுங்க வந்தவங்ககிட்டகூடச் சொன்னேன். உடைக்கப் போறீங்களா?"

"நீ வருத்தப்படுறது எனக்கும்..." என்று ஆரம்பித்தார். மனைவி கையை உயர்த்தினார். வாக்கியம் அங்கேயே நின்றது. அந்த வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தியவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

மறுநாள் கூடத்திலிருந்தவர்களைச் சற்று எழுந்திருக்கச் சொன்னார்கள். முதலில் எழுத்தர் ஒரு நாற்காலியை எடுத்துத் தரையில் அடித்தார். தரையில் சில்லு பெயர்ந்தது. தலைவர் கோட்டைக் கழற்றிவிட்டு ஏறிக் குதித்தார். அவருக்குக் கணுக்கால் பிசகியது. நாற்காலி அப்படியே இருந்தது. சுற்றி நின்றவர்களில் ஒருவர், வேலை போன வங்கிக் காசாளர், யார் செய்தது இது, விலாசம் கிடைக்குமா என்று விசாரித்தார்.

பதில்காரர் ஓரமாக நின்றார். இப்போதும் திரும்பிப் போய்விடலாம். ஆனால் அவர்கள் அடிக்கிற இடம் தப்பு. பொருத்து இருப்பது அங்கே இல்லை. இப்படியே விட்டால் நாற்காலிச் சட்டம் பிளந்துவிடும், பிறகு அந்த மரத்தை எவராலும் ஒன்றும் செய்ய முடியாது. அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"கொஞ்சம் தள்ளுங்க சார்," என்றார்.

வெந்நீரில் துணியை நனைத்துப் பொருத்தின்மேல் சுற்றினார். பசை இளகக் காத்திருந்தார். காலை வலப்பக்கமாக ஒரு சின்னத் திருகு. வந்துவிட்டது. முழுக்கப் பிடுங்காமல், உட்காருகிறவர் முதலில் சந்தேகப்படாதபடி, சாய்ந்த பிறகே தெரியும்படி, பாதியில் நிறுத்தினார். அதில் ஒரு நுட்பம் இருந்தது. இரண்டாவதில் அந்த நுட்பம் இன்னும் கூடிவந்தது. பதினொன்றையும், கூடவே நல்லதாக இருந்த ஒன்றையும் முடித்து நிமிர்ந்தபோது சாயங்காலம் ஆகியிருந்தது. மதியச் சாப்பாடு பையிலேயே இருந்தது.

வாசற்படியில் ஆலோசகர் அம்மாள் நின்றுகொண்டு, கையை நெஞ்சில் வைத்தபடி, கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார். 'விண்ணப்பதாரர் நேரம் போவது தெரியாமல் ஈடுபட்டார். நேரில் கண்டேன்.' ஐந்தாம் கேள்வியும் முதல்முறையாகச் சிக்கலின்றி நிறைந்தது: செய்தது எழுத்துமூல உத்தரவின் பேரில், ஆகவே தண்டனை இல்லை. நாற்காலி பழுதுபார்த்ததற்கு அப்படி ஓர் உத்தரவு இருந்ததா என்று தேடினார்கள். இல்லை. திருத்த அறிக்கையில் வந்தோர் அறுநூறு பேர், ஆகவே அலுவலகம் மூடாது. தலைவர் நொண்டிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழில் தொழில் என்ற கட்டத்தில் எழுதியிருந்தது: நாற்காலி உடைத்தல்.

இதில் பிழை இருக்கிறது, நான் கேட்டது சரிசெய்யும் தொழில் என்று பதில்காரர் சொல்லிப் பார்த்தார். சரிசெய்வதில் அவருக்கு மனநிறைவு இருப்பதற்குச் சட்டப்படி செல்லும் ஆதாரம் எதுவும் இல்லை என்று அவருக்குப் பொறுமையாக விளக்கினார்கள். ஒருவருக்கு ஒரு கனல்தான். மாற்ற வேண்டுமானால் புதிதாக விண்ணப்பிக்கலாம். அதற்கு முதலில் இந்த வேலையை இழந்திருக்க வேண்டும். அந்த வேலையும் அங்கேயே தயாராக இருந்தது. தேய்மான அலுவலர் என்று புதுப் பதவி, தனி மேசை.

அவர் பெயர் சீக்கிரம் பரவிற்று. வரியலுவலகம், பதிவலுவலகம், மருத்துவமனை எல்லாம் அவரைக் கடன் கேட்கின்றன. அவர் போய்வந்த இடங்களில் வருவோர் எண்ணிக்கை அமோகமாக உயர்ந்திருக்கிறது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிலர் புகார்க் கடிதம் எழுதுகிறார்கள். அந்தக் கடிதங்கள் அவர் மேசைக்கே வருகின்றன. பதில் எழுத அவர் யோசிக்க வேண்டியதில்லை. கடிதம் கிடைத்தது, வருத்தத்தில் அவர்களும் பங்குகொள்கிறார்கள்.

கீழ்த்தளத்து அறையில் இப்போது அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சான்றிதழ் இல்லை. அக்கம்பக்கத்தார் துணி மூடி ஏதோ கொண்டுவருகிறார்கள், மறுவாரம் துணி மூடி எடுத்துப்போகிறார்கள். பதில்காரர் மாடியில் சுண்டுவிரலால் மேசையைத் தட்டியபடி கேட்டுக்கொண்டிருப்பார். கீழே கால் பொருந்துகிற சத்தம் வரும்போது அவருக்கு அது எந்தக் கால் என்று தெரியும். இறங்கிப் போகமாட்டார். அரசு ஊழியர்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஏதாவதோர் அலுவலகத்தில் நீங்கள் உட்கார்ந்த நாற்காலி சரிந்து கீழே விழ நேர்ந்தால், உடல் எடையைக் குறைக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்துவிட வேண்டாம். அந்தக் கணத்தில் நீங்கள் ஒருவர் அல்ல, அறுநூறு பேர். அதுவரை எத்தனை நாள் அங்கே காத்திருந்திருந்தாலும், நீங்கள் வரவே இல்லை.