கொட்டகைக்கு நாற்பது நடை

பெருமதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் பூனையும் நலம் என்று எழுதுவதுதான் முறை. அத்தையும் பூனையும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்; இருந்தே ஆகவேண்டும், ஏனென்றால் தும்மல் என்று ஒரு வார்த்தை இந்தப் பக்கம் வந்து சேர்ந்தால் போதும், மறுநாளே இங்கிருந்து ஒரு கஷாயப் புட்டி கிளம்பிவிடும். இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று நினைப்பீர்கள். நல்ல போன் உங்கள் அத்தையின் இடுப்பில் இருக்கிறது. என்னுடையதில் செடிகளின் படம் நிரம்பி, மணி அடிக்கக்கூட இடமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தையின் பிறந்தநாளுக்குப் பரிசாக அவளை ‘நிலமும் உடலும்’ என்ற வகுப்பில் சேர்த்துவிட்டீர்களே, அதைப் பற்றித்தான். குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் அளவுக்கு நான் இன்னும் வளரவில்லை. ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருந்தால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும், நான் ஓடியிருக்க வேண்டாம், அவ்வளவுதான் சொல்ல வந்தேன். வாரத்தில் மூன்று நாள் பெர்மாகல்ச்சர், இரண்டு நாள் மூலிகை வைத்தியம். நான் பத்தாவதோடு நின்றவன், முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன். எனக்குப் புரிந்தவரை பெர்மாகல்ச்சர் என்றால், காடு எப்படித் தன்னைத் தானே பார்த்துக்கொள்கிறதோ அப்படித் தோட்டத்தையும் பழக்கிவிடுவது. “தானே பாத்துக்குற தோட்டத்துக்கு மூணு மாசமா நான் ஏன் மண்வெட்டி பிடிக்கறேன்?” என்று கேட்டேன். “அது பழகுற வரைக்கும்தாங்க” என்றாள். கல்யாணமான புதிதில் அவளைப் பற்றியும் என்னிடம் இதையேதான் சொன்னார்கள்.

முதல் மாதம் மூடாக்கு. மண்ணை வெயிலில் வெறுமனே விடக்கூடாதாம், காய்ந்த இலையோ அட்டையோ பழைய துணியோ போட்டு மூடவேண்டுமாம். மண்ணுக்கும் மானம் உண்டு என்கிறாள். சரி, உண்டு, ஆனால் அந்த மானத்தைக் காப்பாற்ற என் ஆறு யூனிஃபார்ம் சட்டையும் போய்விட்டன மாப்பிள்ளை. என் பெயர் தைத்த சட்டைக்கு மேல் இப்போது பூசணிக்கொடி படர்ந்திருக்கிறது. நான் போட்டிருந்த காலத்தில் இல்லாத மரியாதை அந்தச் சட்டைக்கு இப்போது கிடைக்கிறது, மிதிக்காமல் சுற்றிப்போகச் சொல்கிறாள். இரண்டாவது மாதம் வீட்டுப்பாடம், வீட்டில் ஒருவரின் உடம்பை நிலம் மாதிரி வரைபடம் போடுவது. வீட்டில் ஒருவர் என்றால் யார்? பூனை ஒத்துழைக்கவில்லை. என் வயிறு சதுப்பு நிலமாம், முழங்கால் பாறையாம். தலையைப் பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தாள். “எழுதேன், பயப்படாம எழுது” என்றேன். “தரிசுன்னு எழுதினா ஆசிரியை ஏன் தரிசுன்னு கேப்பாங்க, நான் என்னன்னு சொல்றது?” என்றாள். அன்றிலிருந்து தினமும் காலையில் நாக்கை நீட்டிக் காட்டவேண்டும், அவள் நோட்டில் நிறம் எழுதுவாள், பிறகு ஒரு டம்ளர் கஷாயம். அந்த இலையின் பெயரை எழுதினாலே பேனா கசக்கும், அதனால் எழுதவில்லை. ஆனால் ஒன்று, சர்க்கரை மாத்திரையை மட்டும் நிறுத்தக்கூடாது என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அந்தவரைக்கும் நல்லவர்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொண்டேன். மூன்றாவது மாதம்தான் வினை. நம் வீட்டு மனை ரயில் பெட்டி மாதிரி நீளமானது, கடைசியில் என் கொட்டகை இருக்கிறது, உங்களுக்குத் தெரியும். அதற்குள் பிரித்துப் போட்ட ஒரு லிஃப்ட் மோட்டாரும் ஒரு ஸ்டூலும் நானும் பதினோரு வருஷமாக இருக்கிறோம். ஊரறிய நான் அங்கே மோட்டாரைச் சரிசெய்கிறேன். உண்மையில் என்ன செய்கிறேன் என்பதை ஆண்பிள்ளைக்கு ஆண்பிள்ளை சொல்கிறேன், ஒன்றும் செய்வதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன். இப்போது அத்தைக்கு வந்த வீட்டுப்பாடம் இது: ஒரு மாதம், வீட்டில் யார் மனையில் எந்த இடத்துக்குப் போனாலும் ஒரு கோடு போடவேண்டும். அதிகக் கோடு விழும் இடம் முதல் மண்டலம், தினமும் கவனிக்கவேண்டிய செடியெல்லாம் அங்கே. கோடே விழாத இடம் கடைசி மண்டலம். அங்கே இருப்பதை எடுத்துவிட்டுக் குளம் வெட்டித் தவளைகளிடம் ஒப்படைத்துவிடவேண்டும். பின்வாசலில் சிலேட்டு தொங்கியது. முதல் நாள் சாயங்காலம் போய்ப் பார்த்தேன். துணிக்கொடிக்கு இருபத்திரண்டு கோடு. கொட்டகைக்கு ஒன்று.

“இந்த ஒண்ணு யாரு? நான் இன்னிக்குப் போகலையே” என்றேன்.

“பூனை.”

“பூனையெல்லாமா கணக்கு?”

“அதுவும் இந்த வீட்டுல சாப்பிடுதில்ல? உங்களவிட அது அடிக்கடி வெளிய போய் நாலு எலியாவது பிடிக்குது.”

மாப்பிள்ளை, அன்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுநாளிலிருந்து கொட்டகைக்கு நடக்க ஆரம்பித்தேன். துணிக்கொடியிடம் தோற்பதற்கு மனசில்லை, அதனால் ஒரு நாளைக்கு நாற்பது நடை என்று வைத்துக்கொண்டேன். போக தொண்ணூறு அடி எடுத்துவைக்கவேண்டும், வர தொண்ணூறு. போவேன், கதவைத் தொடுவேன், ஒரு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வருவேன், கோடு போடுவேன், அந்த ஸ்பேனரைத் திருப்பி வைக்கப் போவேன். மதில் மேலே தலையை நீட்டிய பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா, “என்ன அண்ணா, ரூட் பஸ் விட்டிருக்கீங்களா? எத்தனை மணிக்குக் கடைசி வண்டி?” என்று கேட்டார். உங்கள் அத்தை தனியாகக் கூப்பிட்டு, “வயித்துக்கு ஏதும் சரியில்லையா, எங்கிட்ட சொல்லக் கூச்சமா?” என்றாள். மோட்டார் வேலை மும்முரம் என்றேன். பாறையும் சதுப்பும் சேர்ந்து இருபத்தொன்பது நாள் நடந்தன. மாதக் கடைசியில் கொட்டகைக்கு ஆயிரத்து நூற்று அறுபத்தொரு கோடு. அதில் ஒன்று பூனையுடையது, அதையும் நான் மறைக்கவில்லை.

ஜெயித்துவிட்டேன் என்று ஸ்டூலில் சாய்ந்த அன்றுதான் ரத்தப் பரிசோதனைத் தாள் வந்தது. சர்க்கரை அறுபது புள்ளி இறங்கியிருக்கிறது. டாக்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, “என்ன செஞ்சீங்க?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்து நாற்காலியிலிருந்து “கஷாயம்” என்று பதில் போய்விட்டது. பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கின பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்த்த பிறகு திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றிக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையும் வகுப்பில் இருக்கிற பன்னிரண்டு பேரும் நம் வீட்டுக்கு வருகிறார்கள். அத்தை வரைபடத்தையும் நோட்டையும் காட்டவேண்டும், குணமான நோயாளி எழுந்து நின்று பேசவேண்டும், அதை வைத்துத்தான் சான்றிதழ். உங்கள் அத்தை கையில் இதுவரை ஒரு சான்றிதழும் வந்ததில்லை. டைப்ரைட்டிங் பரீட்சை அன்று உங்கள் மனைவி பிறந்துவிட்டாள். நான் எழுந்து நின்று கஷாயம் என்று சொன்னால் பன்னிரண்டு பேர் அதைப் பன்னிரண்டு வீட்டில் காய்ச்சுவார்கள், போதாததற்கு உங்கள் அப்பாவுக்கும் இரண்டு புட்டி தனியாக எடுத்து வைத்திருக்கிறாள், சம்பந்தி என்னைப் பற்றி என்ன நினைப்பார்? நடந்தேன் என்று சொன்னால், ஏன் நடந்தாய் என்று வரும். சிலேட்டை ஏமாற்ற என்று வரும். கோடெல்லாம் அழியும், கொட்டகை குளமாகும், நான் தவளையிடம் அனுமதி கேட்டு உட்காரவேண்டும். சொன்னாலும் கெட்டேன், சொல்லாவிட்டாலும் கெட்டேன்.

ஆகவே உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்டுக்கொள்கிறேன். விழலாம்தான், பாறை மடங்காது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அத்தைக்கு ஒரு போன் போட்டு, “அத்தை, எத்தனை கோடு விழுந்தாலும் விழாவிட்டாலும் மாமாவின் கொட்டகையில் கை வைக்கவேண்டாம்” என்று ஒரே ஒரு வாக்கு வாங்கிவிடுங்கள். நான் சொன்னால் அது புலம்பல், நீங்கள் சொன்னால் மாப்பிள்ளை சொல். அந்த வாக்கு கைக்கு வந்ததும் நான் சபையில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதருக்கு இந்த உலகத்தில் வேறு இடமில்லை என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

உங்கள் அப்பா அம்மாவுக்கு என் பணிவான விசாரிப்புகள். மகளுக்கு ஆசிகள், இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டவேண்டாம், அவள் அவளுடைய அம்மாவின் மகள். எல்லோரும் நோய்நொடி இல்லாமல், முக்கியமாக நாக்கின் நிறம் மாறாமல், நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: தபால்தலை வாங்க மறந்து, கடிதம் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டது. இன்று திங்கட்கிழமை. மேலே எழுதியது எதையும் தயவுசெய்து செய்யவேண்டாம். நேற்று எழுந்து நின்று கஷாயம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முன்வரிசையில் ஒரு வயசான அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்தார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அந்த அம்மா பேனாவை மூடிவிட்டார். அத்தைதான், “அப்ப ஆயிரத்துச் சொச்சம் கோடும் பொய்யா?” என்றாள். “கோடு பொய்யில்லம்மா. கால் நெசமாத்தான் போச்சு. காரணந்தான் பொய்” என்றேன். நோட்டை எடுத்தாள், கஷாயம் என்றிருந்த இடத்தில் கோடு கிழித்தாள், வகுப்பைப் பார்த்து, “எழுதிக்கங்க. மருந்து: கொட்டகை. ஒரு நாளைக்கு நாப்பது தடவை” என்றாள். ஆசிரியை எழுந்து நின்று கைதட்டினார். சான்றிதழ் வந்துவிட்டது, சாமி படத்துக்குக்கூட இல்லாத உயரத்தில் மாட்டியிருக்கிறது, நான்தான் ஆணி அடித்தேன். கஷாயமும் நிற்கவில்லை, இப்போது அது முழங்காலுக்காம். கொட்டகைதான், மாப்பிள்ளை, இப்போது முதல் மண்டலம். காலையிலிருந்து அத்தையின் அடுப்பும் உரலும் உலர்த்தும் தட்டும் அங்கே போய்விட்டன. தையல்கார அம்மா உட்பட ஐந்து பேர் வரிசையாக நடந்து வந்து கதவைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். என் ஸ்டூலில் சளிக்காரர் ஒருவர் உட்கார்ந்து நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார். எனவே உடனே அத்தைக்குப் போன் போட்டு, அந்தக் கொட்டகையை இடித்துக் குளம் வெட்டச் சொல்லுங்கள். மாப்பிள்ளை சொன்னால் கேட்பாள். ஆனால் அவசரமில்லை, ஒரு வாரம் கழித்துச் சொன்னாலும் போதும்; இந்த வீட்டில் இப்போது ஆள் நடமாட்டமே இல்லாத இடம் சமையலறைதான், அங்கே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், நல்ல காற்று வருகிறது, யாரிடமும் சொல்லவேண்டாம்.